டிராக்டர் கிளம்பலையா? பம்பைக் கழட்டறதுக்கு முன்னாடி...

நமக்கு வங்கியில குப்பை கொட்டற வேலை. படிச்சது பி.காம். ஸ்பேனரைக் கையில கொடுத்தா எந்தப் பக்கம் திருப்பணும்னு ஒரு விநாடி யோசிக்கிற ஆசாமி. அப்படிப்பட்டவன் டிராக்டரைப் பத்தி எழுதலாமான்னு தங்கமணி கேட்டாச்சு. எழுதலாம்னுதான் சொன்னேன். காரணம் ரெண்டு. நாசிக் பக்கம் மாத்தலாகி வந்ததுல இருந்து டிராக்டர் லோன் கொடுக்கறதும், கொடுத்த டிராக்டர் கொட்டகையில இருக்கா, ஓடுதான்னு பார்த்துட்டு வர்றதும் என் வேலையில பாதி. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஊருல தம்பி ஒரு குட்டி டிராக்டர் வச்சிருக்கான். அது மக்கர் பண்ணினா முதல் போன் எனக்கு. மெக்கானிக்குக்கு அப்புறம்தான்.

உங்கள்ல நிறைய பேருக்கும் இந்த மாதிரி போன் வந்திருக்கும். நாம புனேவுலயோ டில்லியிலயோ ஆபீசுக்குக் கிளம்பற அவசரத்துல இருப்போம். "வண்டி கிளம்ப மாட்டேங்குது, பம்பு போச்சாம், முப்பதாயிரம் ஆகுமாம்"னு அப்பாவோ மச்சானோ சொல்லுவாங்க. நமக்கு என்ன தெரியும்? ஒண்ணு பணத்தை அனுப்புவோம். இல்லைன்னா "நல்ல மெக்கானிக்காப் பாருங்க"ன்னு பொதுவா ஒரு வசனம் விடுவோம். அந்தப் பக்கம் வாழைக்கு நடுவுல களை ஓட்டணும், கூலிக்கு வந்த ஆளுங்க வரப்புல உக்காந்திருப்பாங்க. நாம சொன்ன வசனத்தால அங்க ஒரு பிரயோஜனமும் இல்லை.

இத்தனை வருஷம் கொட்டகை கொட்டகையா ஏறி இறங்கினதுல நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். கிளம்பாத டிராக்டர்கிட்ட ரெண்டு கேள்வியை வரிசையா கேட்டா அதுவே பதில் சொல்லிடும். அந்த ரெண்டையும் போன்லயே கேட்கலாம். கேட்காம விட்டாத்தான் நூறு ரூபாய் கோளாறு முப்பதாயிரம் ஆகுது.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை உள்ள இழுத்து, ஏறக்குறைய இருபதுல ஒரு பங்கா நசுக்கும். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதே சங்கதிதான். இங்க சூடு ஐந்நூறு டிகிரிக்கு மேல போகும். அந்தச் சூட்டுல நாசில் வழியா டீசலைப் புகை மாதிரி பீச்சினா தானாவே பத்திக்கும். ருடால்ஃப் டீசல்ங்கற ஜெர்மன்காரர் இந்த யோசனைக்கு 1893-ல காப்புரிமை வாங்கினார். இன்னிக்கும் அடிப்படை அதேதான்.

ஆக, கிளம்பறதுக்கு நாலு விஷயம் வேணும். இன்ஜின் வேகமா சுத்தணும், காத்து வரணும், டீசல் வரணும், நசுக்கற பலம் (கம்ப்ரஷன்) இருக்கணும். இந்த நாலைத் தாண்டி அஞ்சாவதா ஒண்ணும் இல்லை. கம்ப்ரஷன் ஒரே ராத்திரியில போயிடாது. மாசக்கணக்குல புகையும், ஆயில் குடிக்கும், இழுவை குறையும், அப்புறம்தான் போகும். நேத்து சாயங்காலம் நல்லா ஓடின வண்டி இன்னிக்குக் காலையில கிளம்பலைன்னா சந்தேகப்பட வேண்டியது மத்த மூணைத்தான்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊரு தொட்டியம் பக்கம். வாழைக்குத் தண்ணி இறைக்க அப்பா ஒரு ஆயில் இன்ஜின் வச்சிருந்தார். பேட்டரியும் கிடையாது, செல்ஃபும் கிடையாது. மேல ஒரு சின்ன லீவர் இருக்கும், அதைத் தூக்கிவிட்டா கம்ப்ரஷன் விட்டுரும், ஹேண்டில் லேசா சுத்தும். வேகம் பிடிச்சதும் லீவரைப் படக்குனு விட்டா 'டுப் டுப்'னு பிடிச்சுக்கும். அப்பா ஹேண்டிலைச் சுத்தும்போது என்னைப் பக்கத்துல நிக்க வச்சு "நாசில் பேசுதா கேளுடா"ம்பார். ஒவ்வொரு சுத்துக்கும் நாசில்ல 'கிர்க்'னு ஒரு சத்தம் வரணும். வந்தா டீசல் போகுதுன்னு அர்த்தம். வரலைன்னா "காத்துப் பிடிச்சிருச்சு, ஏர் எடுக்கணும்"னு சொல்லி ஸ்பேனரை எடுப்பார். அவருக்கு எந்த மெக்கானிக்கும் கத்துக் கொடுக்கலை. காதை வச்சே கோளாறு பார்த்தவர்.

முதல் கேள்வி: சுத்துதா?

சாவியைத் திருப்பினா இன்ஜின் சுத்துதா, இல்லையா? "ஸ்டார்ட் ஆகலை"ங்கறது பதில் இல்லை. 'க்ர்ர் க்ர்ர்'னு நல்லா சுத்தியும் பிடிக்கலையா, இல்லை 'டக்'னு ஒரு சத்தத்தோட நின்னுருதா, இல்லை சத்தமே இல்லையா? இதைப் பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சது. சுத்தவே இல்லைன்னா டீசல் பம்பைப் பத்திப் பேசவே வேண்டியதில்லை. அது முழுக்கக் கரண்டு சமாச்சாரம்.

2024 தை மாசம் தம்பிகிட்ட இருந்து போன். "அண்ணே, பொங்கலுக்கு நிறுத்தின வண்டி, இன்னிக்கு எடுத்தா வரலை. பம்பா இருக்கும்னு சொல்றாங்க."

"சுத்துதாடா?"

"டக்குங்குதுண்ணே, அவ்வளவுதான்."

"ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு. லைட்டு என்ன ஆகுதுன்னு பாரு."

லைட்டு செத்துப்போன மாதிரி மங்கிடுச்சாம். அப்படின்னா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லைன்னா பேட்டரியில இருந்து செல்ஃப் மோட்டார் வரைக்கும் போற பாதையில எங்கேயோ இணைப்பு சரியில்லை. லைட்டு மங்காம அப்படியே எரிஞ்சு, வண்டி சுத்தலைன்னா கதை வேற. அப்ப சாவி சுவிட்ச், செல்ஃப் மேல இருக்கற சாலனாய்டு, கிளட்ச் அடியிலயோ கியர் பக்கத்துலயோ இருக்கற சேஃப்டி சுவிட்ச், இதுல ஒண்ணு. நிறைய வண்டியில கிளட்ச்சை முழுசா மிதிக்கலைன்னாலோ, நியூட்ரல்ல இல்லைன்னாலோ செல்ஃப் எடுக்காது. பி.டி.ஓ. லீவர் போட்டபடியே இருந்தாலும் சில வண்டி அடம் பிடிக்கும்.

தம்பியைப் பேட்டரி டெர்மினலைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்துச்சு. முதல்ல நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, வெந்நீர்ல சமையல் சோடா கலந்து ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான். அப்பவும் வரலை. அப்புறம் நெகட்டிவ் ஒயரோட இன்னொரு முனையைப் பார்க்கச் சொன்னேன். சேசிஸ்ல போல்ட்டு போட்டு முறுக்கியிருப்பாங்களே, அந்த எர்த் இணைப்பு. அதை யாரும் பார்க்கறதே இல்லை. துரு, மண்ணு, கிரீஸ் எல்லாம் கலந்து அல்வா மாதிரி இருந்துச்சாம். சுரண்டி முறுக்கினதும் ஒரே சுத்துல வண்டி கிளம்பிடுச்சு. செலவு, சோடா உப்பு பாக்கெட். அம்மா சமையல்கட்டுல இருந்து எடுத்தது :-)

மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கி வீட்டுல போட்டு வைக்கச் சொல்லுங்க. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜ்ல, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும். 12-க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. சாவியைத் திருப்பும்போது ஒன்பதரைக்கும் கீழ விழுந்தா பேட்டரி பலம் இல்லைன்னு அர்த்தம். குளிர்காலத்துல இன்னும் மோசம். இங்க நிஃபாட் பக்கம் டிசம்பர், ஜனவரியில நடுங்கற குளிரு. பேட்டரி பலமும் குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியா இருக்கும். மெதுவாச் சுத்தினா காத்து போதுமான அளவு சூடேறாது. "சுத்துது, ஆனா பிடிக்கலை"ன்னு சொல்றவங்க வண்டி பல சமயம் மெதுவாத்தான் சுத்திக்கிட்டு இருக்கும்.

ரெண்டாவது கேள்வி: புகை வருதா?

நல்லா வேகமா சுத்துது, ஆனா பிடிக்கலை. இப்ப ஒருத்தர் சாவியைத் திருப்பணும், இன்னொருத்தர் சைலன்சரைப் பார்க்கணும்.

புகையே இல்லைன்னா டீசல் உள்ள போகலை. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, பத்திக்கலை. குளிரு, கிளோ பிளக் இருக்கற வண்டின்னா அதுல கோளாறு, டீசல்ல தண்ணி, மெதுவாச் சுத்தறது, கடைசியா கம்ப்ரஷன், இந்த வரிசையில பார்க்கணும். குப்புனு கறுப்பா வந்தா காத்துக்கு வழி இல்லை. ஏர் கிளீனர் அடைச்சிருக்கும். குளவி கூடு கட்டியிருந்த ஏர் கிளீனரை நானே பார்த்திருக்கேன். மழைக்காக சைலன்சர் மேல கவுத்து வச்ச டால்டா டப்பாவை எடுக்க மறந்துட்டு "கிளம்பலை, கிளம்பலை"ன்னு அல்லாடின குடும்பமும் உண்டு.

புகையே இல்லைன்னா முதல்ல பார்க்க வேண்டியது ஸ்டாப் நாப். இன்ஜினை நிறுத்த இழுக்கற குமிழ் முழுசா உள்ள போகலைன்னா டீசல் வராது. கேபிள்ல மண்ணு சேர்ந்து பாதியில நின்னுக்கும். சாவியிலயே நிறுத்தற வண்டின்னா, சாவி போட்டதும் பம்பு பக்கத்துல 'டிக்'னு ஒரு சத்தம் வரணும். அடுத்து டேங்க்ல டீசல் இருக்கா, டீசல் காக் திறந்திருக்கா. சிரிக்காதீங்க, இந்த ரெண்டுலயே முடிஞ்ச கேஸ் எத்தனையோ. அதுக்கப்புறம் டேங்க் மூடி. மூடியில ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது அடைச்சுட்டா டேங்குக்குள்ள காத்து போக வழியில்லாம டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்திப் பார்த்தாத் தெரிஞ்சிடும்.

இதெல்லாம் சரியா இருந்து, அப்பவும் புகை இல்லைன்னா, நூத்துக்குப் பெரும்பாலும் அப்பா சொன்னதுதான். காத்துப் பிடிச்சிருச்சு.

நாசில் திறக்கறதுக்கு நூறு பாருக்கு மேல அழுத்தம் வேணும். கார் டயர்ல இருக்கறதைப் போல அறுபது மடங்கு, நூறு மடங்கு. டீசல் திரவம், நசுங்காது, அதனால பம்பு தள்ளற அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காத்து நசுங்கும். குழாயில ஒரு குமிழி இருந்தாலும் பம்பு அந்தக் குமிழியை நசுக்கிக்கிட்டே இருக்குமே தவிர நாசில் திறக்காது. பம்பு நல்லாத்தான் இருக்கும். ஆனா பார்க்கறவங்களுக்குப் பம்பு செத்த மாதிரித் தெரியும்.

நானாவோட டிராக்டர்

இனிமேதான் முக்கியமான கதை. 2023 நவம்பர் கடைசி வாரம். 26-ஆம் தேதி நாசிக் மாவட்டத்துல பருவம் தப்பின மழை, கூடவே ஆலங்கட்டி. நிஃபாட் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குச் சரியான அடி. இங்க அக்டோபர்ல கவாத்து பண்ணுவாங்க, நவம்பர் கடைசியில பூவும் பிஞ்சுமா கொத்து நிக்கும். அந்த நேரத்துல மழை பெய்ஞ்சு ஈரம் நின்னா டௌனிங்கற பூசணம் ஓடி வரும். இலையில வந்தாக்கூடச் சமாளிக்கலாம், கொத்துல வந்தா கொத்து போச்சு. மழை நின்ன உடனே மருந்து அடிச்சாகணும். நாள் கணக்குல காத்திருக்க முடியாது, மணிக்கணக்குதான்.

மருந்து அடிக்கறது டிராக்டர் பின்னாடி மாட்டற புளோயர். திராட்சை வரிசைக்கு நடுவுல எட்டு, ஒன்பது அடிதான் இடைவெளி, மேல பந்தல். பெரிய டிராக்டர் நுழையாது. அதனாலதான் இந்தப் பக்கம் குட்டி டிராக்டருக்கு இவ்வளவு மவுசு.

மழைக்கு ரெண்டு நாள் கழிச்சு எங்க கிளைக் கணக்குதாரர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அதுல ஒருத்தர் அறுபதைத் தாண்டின பெரியவர். இந்தப் பக்கம் பெரியவங்களை மரியாதையா நானான்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். மூணு ஏக்கர் தோட்டம், இருபது சொச்சம் எச்.பி. டிராக்டர், நாங்க கொடுத்த கடன். இன்னும் ரெண்டு தவணை பாக்கி. நான் போய் இறங்கினதும் அவர் சொன்னது, "சாகேப், காடி சாலூச் ஹோத் நாஹி." வண்டி ஸ்டார்ட்டே ஆகலைங்கறார்.

ரெண்டு வாரமாவே காலையில கிளம்பறதுக்கு மூக்கால அழுதிருக்கு. ஏர் எடுத்தா கிளம்பும், நாள் முழுக்க ஓடும், மறுநாள் காலையில மறுபடியும் அதே கதை. முந்தின நாள் ஒரு பையன் வந்து டீசல் ஃபில்டரை மாத்திட்டுப் போயிருக்கான். அதுல இருந்து சுத்தமா நின்னுபோச்சு. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணினா, வந்து பார்க்காமலே "பம்பு போச்சு, இறக்கி அனுப்புங்க, 25 ஆயிரம், நாலு நாள் ஆகும்"னுட்டாங்க. நாலு நாள்! அக்கம்பக்கத்து டிராக்டரைக் கேட்கலாம்னா எல்லாரும் அவங்கவங்க தோட்டத்துல மருந்து அடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஆலங்கட்டி மிச்சம் வச்ச கொத்தை டௌனிக்குக் கொடுக்கறதா, இல்லை தவணைக்குன்னு வச்சிருந்த காசை எடுத்துப் பம்புக்குக் கட்டறதா? நானாவோட மருமகள் வாசப்படியில நின்னு என் கையில இருந்த பைலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுல 'வாகனத்தின் நிலை'ன்னு ஒரு கட்டம் இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும்.

அந்த ஊர்ல பஸ் டிப்போவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆன மிஸ்திரி ஒருத்தர் உண்டு. (நம்ம ஊருல மேஸ்திரின்னா கட்டட வேலை, இங்க மிஸ்திரின்னா மெக்கானிக். ரெண்டும் ஒரே போர்த்துகீசிய வார்த்தையில இருந்து வந்ததுதான்.) நானாவோட பேரன் பைக்ல போய்க் கூட்டிட்டு வந்தான். வந்தவர் ஸ்பேனரை எடுக்கலை. வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தார். கடைசியா யாரு எதைத் தொட்டதுன்னு கேட்டார். சாவியைத் திருப்பச் சொல்லி சைலன்சரைப் பார்த்தார். வேகமா சுத்துச்சு, புகை இல்லை.

அப்புறம் அவர் பண்ணினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணுல சுத்தமான டீசல் ஊத்தி, அதைத் திராட்சைப் பந்தலோட இரும்பு ஆங்கிள்ல உயரமாத் தொங்கவிட்டார். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற மாதிரி அதுல இருந்து ஒரு டியூபை இறக்கி நேரா ஃபில்டர்ல சொருகினார். டேங்கும் கிடையாது, டேங்க்ல இருந்து வர்ற ஹோசும் கிடையாது, டீசலை இழுத்துத் தள்ளற சின்ன ஃபீட் பம்பும் கிடையாது, எல்லாத்தையும் ஒதுக்கியாச்சு.

ஃபில்டர் தலையில இருக்கற ஏர் ஸ்குருவைத் தளர்த்தினார். சோப்பு நுரை மாதிரிக் குமிழி குமிழியா வந்துச்சு. நுரை நின்னு சுத்தமா டீசல் வந்ததும் முறுக்கினார். அடுத்து பெரிய பம்பு மேல இருக்கற ஸ்குரு, அதே மாதிரி. கடைசியா ஒவ்வொரு நாசிலுக்கும் போற இரும்புக் குழாயோட நட்டை ஒரு சுத்து தளர்த்தி, சாவியைத் திருப்பச் சொன்னார். மூணுலயும் டீசல் கொப்புளிச்சதும் முறுக்கினார். அடுத்த சாவிக்கு வண்டி பிடிச்சுக்கிச்சு. பம்பு போச்சுன்னு சொன்ன வண்டி, அந்தப் பம்போடயே கேன் டீசல்ல நிதானமா ஓடிக்கிட்டு இருக்கு!

நானா உடனே புளோயரை மாட்டப் போயிட்டார். மிஸ்திரி விடலை. "இப்ப ஓடும். நாளைக்குக் காலையில ஓடாது." கேன் டியூபை ஃபில்டர்ல இருந்து எடுத்து ஃபீட் பம்புல மாட்டி ஓட்டினார். ஓடுச்சு. அப்ப ஃபீட் பம்பும் நல்லாருக்கு. மிச்சம் இருக்கறது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல உள்ள ரப்பர் ஹோஸ் மட்டும்தான். கிளிப்பைக் கழட்டி ஹோசை வளைச்சுக் காட்டினார். கிளிப்பு இருந்த இடத்துல, வெளிய தெரியாத மாதிரி, முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு.

இத்தனை நாள் ஏன் யாரும் கண்டுபிடிக்கலை? ஏன்னா அங்க ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகலை. அது பம்பு இழுக்கற பக்கம். இழுக்கற பக்கத்துல வெடிப்பு இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். ராத்திரி வண்டி நிக்கும்போது அந்த வழியா காத்து ஏறி, டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிடும். காலையில குழாய் காலி. ஃபில்டர் மாத்தின பையன் ஏர் எடுக்காமப் போனதுல மிச்சம் இருந்த டீசலும் போய் வண்டி மொத்தமா நின்னுடுச்சு.

புது ஹோஸ், ரெண்டு கிளிப்பு, எல்லாம் சேர்த்து 120 ரூபாய். மிஸ்திரி கூலி 300. மதியம் மூணு மணிக்குப் புளோயர் தோட்டத்துக்குள்ள இறங்கிடுச்சு. ஆலங்கட்டியில போனது போனதுதான், அதை யாராலயும் திருப்ப முடியாது. மிச்சம் இருந்த கொத்து டௌனியில இருந்து தப்பிச்சு மார்ச்ல சந்தைக்குப் போச்சு. நான் அன்னிக்கு அந்தக் கட்டத்துல 'ஓடுகிறது'ன்னு எழுதும்போது பின்னாடி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

டிரையல் பேலன்ஸ் கணக்கு

மிஸ்திரி பண்ணினதைப் பார்த்தப்ப எனக்குக் காலேஜ்ல படிச்ச டிரையல் பேலன்ஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. டேலி ஆகலைன்னா லெட்ஜரை முதல் பக்கத்துல இருந்து திருப்ப மாட்டோம். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்கேயாவது தப்பான பக்கத்துல ஏறியிருக்கான்னு பார்ப்போம். வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா 54-ஐ 45-ன்னு எழுதின மாதிரி எண் இடம் மாறியிருக்கான்னு பார்ப்போம். எளிசானதை முதல்ல, சந்தேகத்தைப் பாதி பாதியா குறைச்சுக்கிட்டே. பந்தல்ல தொங்கின அந்தக் கேன் பண்ணினது இதைத்தான். ஒரே நிமிஷத்துல வண்டியை ரெண்டாப் பிரிச்சு, இந்தப் பக்கம் நல்லாருக்கு, கோளாறு அந்தப் பக்கம்னு காட்டிடுச்சு.

அதனால பம்பை இறக்கணும்னு யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கேன்ல டீசல் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தாச்சா?" பம்பு கெட்டுப்போறதே இல்லைன்னு சொல்ல வரலை. டீசல்ல தண்ணியும் மண்ணும் போனா பம்பும் நாசிலும் நிஜமாவே தேயும். ஆனா அது கடைசி சந்தேகமா இருக்கணும்.

உயிர் போற சமாச்சாரம்

இதைக் கண்டிப்பா வீட்டுல சொல்லி வைங்க.

செல்ஃப் வேலை செய்யலைன்னா கீழ நின்னுக்கிட்டு ஸ்குரு டிரைவரால செல்ஃப் மோட்டார் டெர்மினலைத் தொட்டு ஸ்டார்ட் பண்றது ஊர்ல சகஜம். பண்ணவே கூடாது. அப்படிச் செஞ்சா சேஃப்டி சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது. கியர்ல இருந்தா வண்டி கிளம்பின அதே நொடியில பெரிய சக்கரத்துக்கு முன்னாடி நிக்கறது நாமதான். இதுல உயிர் போயிருக்கு. ஸ்டார்ட் பண்றதுன்னா சீட்டுல உக்காந்துதான், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல்லு.

நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது கையை எட்டவே வைங்க, கண்ணைக் காப்பாத்திக்குங்க. நாசில்ல இருந்து பீச்சற டீசலுக்கு முன்னாடி விரலை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஊசி குத்தின மாதிரித்தான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் வரைக்கும் போகற விஷயம். 'சரியாப் போயிரும்'னு வீட்டுல உக்காரக் கூடாது. அதே மாதிரி, கிளோ பிளக் இருக்கற வண்டியில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, வெடிக்கும்.

செல்ஃபை ஒரே மூச்சுல பத்து விநாடிக்கு மேல சுத்த விடாதீங்க. அரை நிமிஷமாவது ஆறட்டும். ஆத்திரத்துல விடாமத் திருப்பினா இருந்த பேட்டரியும் காலி, செல்ஃப் மோட்டாரும் காலி.

கடைசியா

சாயங்காலம் வேலை முடிஞ்சதும் டேங்கை நிரப்பி வச்சா, காலி இடத்துல இருக்கற ஈரக் காத்து குளிர்ந்து தண்ணியா சொட்டாது. கேன்ல வாங்கின டீசலை ஒரு ராத்திரி அசைக்காம வச்சு, அடியில கொஞ்சம் விட்டுட்டு ஊத்தணும். ஃபில்டர் அடியில இருக்கற ஸ்குருவை அப்பப்பத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பார்த்தா, தண்ணி இருந்தா அடியில தனியாத் தெரியும். ரப்பர் ஹோசை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திட்டா நானா பட்ட பாடு யாரும் பட வேண்டாம். இதுக்கெல்லாம் காசும் பெருசா ஆகாது, மெக்கானிக்கும் வேண்டாம்.

தூரத்துல இருக்கற நம்மகிட்ட ஊர்ல இருந்து கேட்கறது பெரும்பாலும் பணம்தான். நாமும் கொடுத்துட்டு, கடமை முடிஞ்சதுன்னு அடுத்த வேலையைப் பார்க்கறோம். எர்த் ஒயரைச் சுரண்டச் சொன்ன அன்னிக்குத் தம்பிகூட அரை மணி நேரம் போன்ல இருந்தேன். "சுத்துது அண்ணே, சுத்துது!"ன்னு அவன் கத்தினப்ப, பின்னாடி அம்மா "பெரியவன் லைன்ல இருக்கானா? சாப்பிட்டானான்னு கேளு"ன்னாங்க. முப்பதாயிரம் அனுப்பியிருந்தா அந்த அரை மணி நேரம் கிடைச்சிருக்காது.

அதனால, அடுத்த தடவை அந்தப் போன் வந்தா பணம் அனுப்பற ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி வரிசையா கேளுங்க. சுத்துதா? லைட்டு மங்குதா? புகை வருதா? ஸ்டாப் நாப் உள்ள போயிருக்கா? கடைசியா யாரு எதைக் கழட்டினா? அஞ்சுக்கும் பதில் வந்த பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டா, அவரும் சரியான சாமானோட வருவார்.